மைனஸ் பதினைந்தில் ஒரு தீர்த்த வண்டி

நவம்பர் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, 2007. மாலை ஐந்து மணி. மொன்ட்ரியால் விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவு திறந்ததும் முகத்தில் வந்து அறைந்த காற்றுக்கு நான் வைத்த பெயரை அச்சில் போட முடியாது. கொடைக்கானலுக்கென்று வாங்கிய சால்வை ஒன்றை நம்பித் தூத்துக்குடியிலிருந்து கிளம்பிய ஆள் நான். துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்கு அலுவலகத்தில் காலமெல்லாம் கணக்கு எழுதியவள். எனக்குக் குளிர் என்றால் மார்கழியில் மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்து வைப்பது, அவ்வளவுதான்.

பிலோமினா ஒரு தடித்த கோட்டைக் கையில் விரித்துப் பிடித்தபடி நின்றாள். மன்னாரிலிருந்து திருச்சிக்குப் படிக்க வந்து, கல்லூரி விடுதியில் மூன்று வருடம் என் அறையில் இருந்தவள். 1980இல் ரயிலடியில் அழுதுகொண்டே பிரிந்தோம். அதன் பிறகு கடிதம், பிறகு தொலைபேசி. இருபத்தேழு வருடம் கழித்து அவளை எப்படி அடையாளம் காண்பேனோ என்று விமானத்தில் கவலைப்பட்டேன். அவள் சிரித்தாள், கவலை போய்விட்டது. பல் தெரியாமல் அவளுக்குச் சிரிக்க வராது.

"ஏட்டி, நீ இன்னும் குட்டையாத்தான் இருக்க" என்றேன்.

"நீ மட்டும் வளந்திட்டியோ? கதையாமல் கோட்டைப் போடு. விறைச்சுச் சாகப் போறாய்."

அவளுடைய கணவர் சவிரிமுத்து காரை ஓட்டினார். ரொட்டித் தொழிற்சாலையில் வேலை, அதிராத பேச்சு. மொன்ட்ரியால் ஒரு தீவு. அதன் மேற்கிலிருந்து வடகிழக்கே மொன்ட்ரியால்-நோர் வரை இருபத்தைந்து கிலோமீட்டர். வழியெல்லாம் இருட்டு. ஐந்து மணிக்கே ஊரைப் போர்த்திவிட்டு எல்லோரும் எங்கே போனார்கள் என்று கேட்டேன். "வீட்டுக்குள்ள இருப்பினம், தங்கச்சி. இனி ஏப்ரலிலதான் வெளிய வருவினம்" என்றார்.

அவர்கள் இருந்தது செங்கல் கட்டடத்தில் இரண்டாம் மாடி. ஏறுவதற்கு வெளிப்பக்கமாக ஓர் இரும்புப் படிக்கட்டு. கட்டடத்தின் பின்னால் தார் போட்ட இடத்தில் இருபத்திரண்டு அடி நீளத்தில் ஒரு மோட்டார் ஹோம் நின்றது. அடுப்பு, கட்டில், குளியலறை எல்லாம் உள்ளேயே கொண்ட வண்டி. பழையதாக வாங்கியது. சவிரிமுத்து அதை, ஏதோ படகைச் சொல்வதுபோல், "எங்கட வள்ளம்" என்றுதான் சொல்வார். கோடை முழுக்க இருவரும் அதில்தான் ஊர் சுற்றுவார்களாம்.

அன்று இரவு சாப்பாட்டின்போதே வீட்டில் ஏதோ புகைந்துகொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. பிலோ புட்டை அவர் தட்டில் வைத்த விதத்தில் தெரிந்தது. களைப்பில் எதுவும் கேட்காமல் படுத்துவிட்டேன்.

சனிக்கிழமை, காலை ஏழரை. பாண் என்கிற ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும். வானொலி பிரெஞ்சில் என்னவோ சொல்ல, சவிரிமுத்து தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டார்.

"இண்டைக்கு ராவைக்கு மைனஸ் பதினைஞ்சாம். கேட்டீரோ?" என்றார் மனைவியிடம்.

அவள் சம்பலைக் கிளறினாள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, நீங்களே சொல்லுங்கோ. அந்த வண்டிக்குள்ள தண்ணித் தாங்கி ஒண்டு கிடக்கு. நூறு லீட்டருக்கு மேல பிடிக்கும். அதில இருந்து பைப்புகள் குசினிக்கும் குளியலறைக்கும் ஓடுது. தண்ணி ஐஸ் ஆனா வீங்கும். வீங்கினா பைப் வெடிக்கும். அதனால ஒக்டோபரிலயே அடி மூடியைக் கழட்டித் தண்ணியை விட்டிட்டு, காத்தடிச்சு, றோஸ் நிறத்தில ஒரு மருந்து விக்கினம், உறையாத மருந்து, அதைப் பைப்புக்குள்ள விடோணும். அரை நாள் வேலை. இந்த வருசம் உங்கட சிநேகிதி மூடியில கை வைக்க விடுறா இல்லை."

"ஏன்?"

"அது தீர்த்தம்" என்றாள் பிலோ.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. போர் சற்று ஓய்ந்திருந்த 2003இல் அவள் மன்னார்ப் பக்கத்து மடு மாதா கோயிலுக்குப் போயிருக்கிறாள். அங்கிருந்து ஒரு போத்தல் தீர்த்தம் கொண்டுவந்து நான்கு வருடம் பத்திரமாக வைத்திருந்தாள். இந்த ஆகஸ்டில், ஒன்ராறியோவில் தமிழ்க் கத்தோலிக்கர் கூடி நடத்தும் மடு மாதா திருநாளுக்கு வண்டியில் போனபோது, அந்தப் போத்தல் முழுவதையும் தண்ணீர்த் தாங்கியில் ஊற்றிவிட்டாள். திருநாளுக்கு வந்தவர்கள் எல்லாம் அதில் குடித்தார்கள். குறையக் குறையக் குழாய்த் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டே வந்தாள். தீர்த்தத்தில் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் சேர்த்தாலும் தீர்த்தம்தான் என்பது நாங்கள் சிறுவயதிலிருந்து கேட்ட பாடம். அந்தக் கணக்குப்படி வண்டியில் கிடப்பது நூற்றுச் சொச்சம் லிட்டர் தீர்த்தம்.

"அதை நாய் மூத்திரம் போற கானுக்குள்ள விடச் சொல்லுறார் இவர்" என்றாள். கான் என்றால் சாக்கடை.

இவரும் என்ன செய்வார்? ஆறு வாரமாக மாடி பால்கனியிலிருந்து ஒரு மின்சார வயரை இறக்கி, வண்டிக்குள் சின்ன ஹீட்டர் வைத்துத் தண்ணீரைக் குளிர்காய வைத்திருக்கிறார். நான் இறங்கிய அன்று காலை கட்டடத்தின் சொந்தக்காரர் வயரைப் பார்த்துவிட்டார். தீப்பிடிக்கும், உடனே கழற்று என்று சொல்லிவிட்டார். நேற்று இரவு மைனஸ் நான்கோடு போனது. இன்றைக்கு அப்படியில்லை.

"ஒரு மரத்து மூட்டுல ஊத்து. மண்ணுக்குத்தான குடுக்கணும்?" என்றேன்.

"எந்த மரம்? இஞ்ச மண் எங்க கிடக்கு, சொல்லு பாப்பம். எல்லாம் தார். பார்க்கில கிடக்கிற மண் கல்லாப் போச்சு. நாய்கள் வேற."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கோட்டிக்காரி! வருசத்துக்கு வருசம் ஈஸ்டர் ராத்திரி எங்க கோயில் வாசல்ல பீப்பாய் பீப்பாயா தீர்த்தம் வைப்பாங்க. எண்ணெய் கேனு, சோடா பாட்டிலு, தூக்குவாளின்னு ஜனம் அடிச்சுப் பிடிச்சு ஒரு சொட்டு இல்லாம அள்ளிட்டுப் போயிரும். வச்சுக்கிட்டு ஏன் அழுற? குடுத்துரு!"

சவிரிமுத்து மேசையைத் தட்டினார். "பாத்தீரோ! இதைச் சொல்ல ஆளனுப்பின மாதாவுக்குத் தோத்திரம்."

பிலோ உடனே சம்மதிக்கவில்லை. ஜன்னலருகில் போய்க் கீழே நின்ற வண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தொலைபேசியை எடுத்து ஆற்றுக்கு அப்பால் லவாலுக்கு ஒன்றும், தீவின் மேற்கே கர்க்லாண்டுக்கு ஒன்றுமாக இரண்டு அழைப்புகள் பேசினாள். "பாத்திரங்களோட நில்லுங்கோ, வாறம்" என்றாள். வண்டியையே கொண்டுபோவது என்று முடிவாயிற்று. ஓடும்போது உள்ளே சூடாக இருக்கும், தண்ணீரும் உறையாது.

காலை பத்து மணிக்குப் புறப்பட்டோம். நான் முன்னால், சவிரிமுத்துவின் பக்கத்தில். பிலோ பின்னால் தண்ணீர்க் குழாயை விட்டு அசையவில்லை. பாத்திரம் கழுவும் தொட்டியின் ஓட்டையில் ஒரு பஞ்சைத் திணித்து அடைத்திருந்தாள். சிந்துகிற சொட்டும் சாக்கடைக்குப் போகக்கூடாதாம். வண்டி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அடியில் தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டது. "மெல்ல, மெல்ல" என்று பின்னாலிருந்து குரல் வரும். பிள்ளைத்தாச்சியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதுபோல் அவரும் ஓட்டினார்.

பாலத்தில் ஏறியபோது கீழே ஆற்றின் இரு கரையிலும் வெள்ளை கட்டியிருந்தது. நடுவில் மட்டும் கறுப்பாகத் தண்ணீர் ஓடியது. ஆறுகூட உறையுமா என்று கேட்டேன். "ஜனவரியில வாங்கோ, மேல நடந்து போகலாம்" என்றார். எனக்கு அந்த ஆசை வரவில்லை.

லவாலில் சவிரிமுத்துவின் தங்கை கணவர் யூட்டின் வீடு. அந்த வருடம்தான் மெட்ரோ ரயில் ஆற்றுக்கு அடியால் லவாலுக்கு வந்திருந்தது. மனிதர் கைகொடுப்பதற்கு முன்பே அதைச் சொல்லிவிட்டார். வாசலில் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களும் சேர்ந்து ஒரு சிறு கூட்டம். இடியப்பப் பானை, ஜூஸ் போத்தல், சோற்றுச் சட்டி, அடுக்குச் சாப்பாட்டுப் பாத்திரத்தின் நாலு தட்டும் தனித்தனியாக. ஒரு சின்னப் பெண் கடற்கரையில் மணல் வீடு கட்டும் சிவப்பு வாளியைக் கொண்டுவந்திருந்தாள். பனிச்சப்பாத்தும் குல்லாயும் போட்டுக்கொண்டு இடியப்பப் பானையோடு வரிசையில் நிற்கும் ஜனத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பார்க்க எனக்கு எங்கள் ஊர் ஈஸ்டர் இரவுதான். ஒரே ஒரு வித்தியாசம், இங்கே யாரும் முண்டியடிக்கவில்லை.

பிலோ குழாயைத் திறந்தால் அடியில் மோட்டார் உறுமும், தண்ணீர் வரும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஊற்றிவிட்டு, "அருளுக்காக ஒருக்கா மன்றாடுங்கோ" என்று மெல்லச் சொன்னாள். அவர்கள் தலையாட்டினார்கள். யார் அந்த அருள் என்று எனக்கு விளங்கவில்லை.

"அக்கா, இதை இண்டைக்கே முடியுங்கோ" என்றார் யூட். "போன வருசம் என்ர ட்ரெயிலரில ஒரு முழத்தளவு பைப்புக்குள்ள தண்ணி நிண்டிட்டுது. பனிக்காலம் முழுக்க ஒண்டும் தெரியேல்லை. ஏப்ரலில தண்ணியைத் திறந்தா, கட்டிலுக்குக் கீழ ஆறு ஓடுது."

பன்னிரண்டரைக்குக் கிளம்பினோம். அங்கிருந்து கர்க்லாண்டுக்கு முப்பது கிலோமீட்டர். வழியில் தெப்பனர் என்கிற ஒரு சின்ன மளிகைக் கடையில் நிறுத்தி, கோப்பை ஒரு டாலர் இருபத்தைந்து சதத்துக்குக் காப்பி வாங்கினோம். நான் என் கோப்பையோடு பின்னால் போய்ப் பிலோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அருள் யாருட்டி?"

"என்ர கடைசித் தம்பி. ஹொஸ்டலுக்கு ஒருக்கா அப்பாவோட வந்தவன். நீ அவனுக்குப் பொரிகடலை வாங்கிக் குடுத்தனி."

ஞாபகம் வந்தது. அரைக்கால் சட்டை போட்ட பொடியன். பொரிகடலையைச் சட்டைப் பை இரண்டிலும் நிரப்பிக்கொண்டு, ரயிலில் ஏறும்வரை ஒன்றையும் தின்னாதவன்.

"2003இல போகேக்க அவன்தான் மடுவில என்னோட நிண்டவன். நான் வெளிக்கிட்டு வான் வண்டியில ஏறிட்டன். பின்னால ஓடி வந்து ஜன்னலால இந்தப் போத்தலைத் தந்தான். 'அக்கா, தீர்த்தத்தை மறந்திட்டுப் போறாய்' எண்டான். இப்ப திரும்பச் சண்டை. பாதையும் இல்லை, ஃபோனும் இல்லை. ஜூன் மாதத்துக்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை, மெர்சி. அதுதான் திருநாளில எல்லாருக்கும் குடிக்கக் குடுத்தன். அவனை நினைச்சு ஆயிரம் பேர் மன்றாடட்டும் எண்டு."

அவள் காப்பிக் கோப்பையைக் கன்னத்தில் வைத்துச் சூடு பிடித்தாள்.

"இவருக்கு நான் கானைப் பற்றித்தான் சொல்லுறன். உண்மை அது இல்லை. இந்தத் தண்ணி இருக்கும்வரைக்கும் அவன் இருக்கிறான் எண்டு எனக்கொரு எண்ணம். விசர் எண்ணம்தான். ஆனா மூடியைக் கழட்ட எனக்கு ஏலாமல் கிடக்கு."

காலையில் கோட்டிக்காரி என்று கத்தினவள் நான். இப்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். விடுதியில் கோடைக்காலத்தில் ஆளுக்கு இரண்டு வாளித் தண்ணீர்தான். பிலோவுக்கு இடுப்புவரை கூந்தல். அவளுக்கு இரண்டு வாளி எந்த மூலைக்கு? என் இரண்டாவது வாளியைத் திருடுவாள், நான் சண்டை போடுவேன், மறுநாளும் திருடுவாள். கடைசி வருடம் நானே என் வாளியை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அதைச் சொன்னேன்.

"திருடினதோ? நீ தந்தனி எண்டெல்லோ நினைச்சன்!" என்றாள். அழுதுகொண்டே சிரித்தாள், பல் தெரிய.

இரண்டு மணிக்குக் கர்க்லாண்ட். அகலமான தெரு, வீட்டுக்கு வீடு புல்வெளி, ஆளரவம் கிடையாது. பிலோ ஒரு குழந்தைகள் காப்பகத்தில், இங்கே கார்தெரி என்கிறார்கள், சமையல் செய்கிறாள். அங்கே குழந்தையை விடும் சென்னைப் பெண் சுகன்யா, கம்ப்யூட்டர் வேலைக்காரி. வீட்டில் இருந்த எல்லாப் பாத்திரத்தையும் கராஜில் வரிசையாக வைத்திருந்தாள்.

"ஆன்ட்டி, இது எவ்ளோ பெரிய விஷயம்! எங்க மாமியார் குடுத்த கங்கா ஜலச் சொம்பு பக்கத்துலயே இதையும் வெச்சுடறேன். பரவால்லதானே?"

"மாதாவுக்கு அதில ஒரு கோவமும் வராது, பிள்ளை" என்றாள் பிலோ. "என்ர தம்பி அருளுக்காக ஒருக்கா கும்பிடும்."

சுகன்யா அங்கேயே, கராஜில், செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக் கும்பிட்டாள். அந்தச் சிமெண்டுத் தரையின் குளிரில் வெறும் காலோடு. அந்தப் பெண்ணை எனக்கு அப்படிப் பிடித்துப்போயிற்று. தாங்கி காலியாகி மோட்டார் வெறுமனே இரையத் தொடங்கியது அங்கேதான். பிலோ குழாயை மூடினாள்.

நாலு மணிக்கு மொன்ட்ரியால்-நோர் திரும்பியபோது பொழுது சாய்ந்துவிட்டது. மைனஸ் எட்டு. சவிரிமுத்து ஒரு அட்டையை விரித்து வண்டிக்கடியில் படுத்தார். பைப்புகளில் காற்றை ஊதும் இயந்திரத்தைத் தயாராக வைத்திருந்தார். இரண்டு நிமிடத்தில் அடியிலிருந்து ஒரு சத்தம்.

"ஐயோ மாதாவே! பொயிலர்!"

சுடுதண்ணீருக்கென்று வண்டியில் தனியாக ஒரு கொதிகலன் உண்டு. அதற்குள் இன்னும் இருபது லிட்டர். தாங்கி காலியானாலும் அது காலியாகாது. தீர்த்தம் தீர்த்தம் என்று ஊரெல்லாம் சுற்றின மூன்று பேருக்கும் அது நினைவில்லை. அதன் மூடியோ துருப்பிடித்துத் திரும்ப மறுத்தது. ஸ்பானரைப் போட்டு அவர் முக்கினார். கையுறையோடு பிடி வழுக்க, கழற்றி எறிந்துவிட்டு வெறுங்கையால் பிடித்தார். இரும்பு தோலைக் கவ்வியது.

"விடுங்கோ, காணும்! மாதா பாத்துக்கொள்ளுவா" என்றாள் பிலோ.

"மாதாவுக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியாது! நீர் பேசாமல் ஏதாவது பாத்திரம் கொண்டு வாரும்!" அந்த மனிதர் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

வீட்டில் இருந்த பாத்திரமெல்லாம் சின்னச் சின்னது. பிலோ வண்டிக்குள் ஏறிக் கட்டிலுக்கடியிலிருந்து ஒரு பெரிய அலுமினியப் பானையை இழுத்தாள். திருநாள்களில் கூழ் காய்ச்சும் பானை. நானும் அவளும் ஆளுக்கொரு காதைப் பிடித்துக் கொதிகலனின் வாய்க்கு நேராக ஏந்தி நின்றோம். மூடி கறகறவென்று திரும்பியது. தண்ணீர் பீறிட்டுப் பானையில் பாதி, எங்கள் மேல் பாதி. என் ஓசிக் கோட்டு நனைந்து அங்கேயே விறைக்கத் தொடங்கியது. சொல்லக் கூசுகிறது, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிலோவும் சிரித்தாள்.

தண்ணீர் மெலிந்து நூலாகியதும் அவள் சிரிப்பு நின்றது. கோட்டுப் பைக்குள்ளிருந்து ஒரு போத்தலை எடுத்தாள். மடுவிலிருந்து வந்த அதே போத்தல். அதை நூலுக்கு நேராகப் பிடித்தாள். நூல் சொட்டாகி, சொட்டும் நின்றது. போத்தல் முக்கால்வாசி நிறைந்திருந்தது.

"முடிஞ்சுது" என்றாள். பிறகு என் தோளில் முகத்தை வைத்து, "அருள், அருள்" என்று அழுதாள். சவிரிமுத்து அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்து, கீறல் விழுந்த கையை அவள் தலையில் வைத்துக்கொண்டு நின்றார். எனக்கும் அழுகை வந்தது. கண்ணீரைத் துடைக்காவிட்டால் இமை ஒட்டும் ஊர் அது.

பிறகு அவர் காற்றை ஊதினார். றோஸ் நிற மருந்தை விட்டார். சமையல் குழாயில், குளியலறைக் குழாயில், ஒவ்வொன்றாக றோஸ் நிறம் வந்த பின் மூடினார். பைப்புகள் தப்பின. பானைத் தண்ணீரில் அன்று மாலையே பிலோ கூழ் காய்ச்சினாள். காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மா, நண்டு, மீன், பயற்றங்காய். கட்டடம் முழுக்க மணம். கீழ்வீட்டு ஹெயிட்டிக்காரம்மா ஒரு கோப்பை வாங்கிக் குடித்து, உறைப்பில் கண் கலங்கி, "மெர்சி, மெர்சி" என்றார். பிரெஞ்சில் நன்றியைத்தான் சொல்கிறார், என் பெயரை அல்ல என்று தெரிந்தும் நான் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்தேன்.

மூன்று வாரம் இருந்தேன். புறப்படும் காலை பிலோ அந்தப் போத்தலை என் கொடைக்கானல் சால்வைக்குள் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள்.

"எனக்கு அங்க போகப் பாதையில்லை. உங்கட கடலும் எங்கட கடலும் ஒண்டுதானே. நீ ஊத்து. அது தன்ர பாட்டில போய்ச் சேரும்."

அந்த வண்டி இப்போது அவர்களிடம் இல்லை. சவிரிமுத்துவுக்கு முதுகு வலி வந்த பிறகு விற்றுவிட்டார்கள். தளும்புகிற தண்ணீரோடு மெல்ல மெல்ல அந்தப் பாலத்தில் ஏறிய காலைப்பொழுது மட்டும் எனக்கு இன்றும் அப்படியே இருக்கிறது. இன்னொரு முறை கிடைக்குமென்றால் அந்தக் குளிரையும் சேர்த்தே வாங்கிக்கொள்வேன்.

தூத்துக்குடி வந்து சேர்ந்த மறுநாள் மாலை துறைமுகச் சாலைக் கடற்கரைக்குப் போனேன். டிசம்பர் மாதம், மேலெல்லாம் வியர்வை. எங்கள் ஊர்க் கடலுக்குப் பெயரே மன்னார் வளைகுடா. பிறந்ததிலிருந்து அந்தப் பெயரைச் சொல்லி வருகிறேன், அன்றுதான் அது காதில் விழுந்தது. போர் முடிந்து அருள் உயிரோடு அகதி முகாமுக்கு வந்து சேர்ந்த செய்தி ஒன்றரை வருடம் கழித்துத்தான் வரும். அன்றைக்கு அது எங்கள் இருவருக்கும் தெரியாது. முழங்கால் தண்ணீரில் நின்று போத்தலைக் கவிழ்த்தேன். பிறகு கைபேசியில் அவளைக் கூப்பிட்டேன். அங்கே விடிகாலை.

"ஊத்திட்டேன்டி" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் அலைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தண்ணி எப்பிடிக் கிடக்கு? குளிரோ?"

"இல்லட்டி. வெதுவெதுன்னு சுகமா இருக்கு."

"அப்ப உறையாது" என்றாள் பிலோ.